கை நடுங்கினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

பி.காம் படிக்கிறவனுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். காதில் கேட்ட குரல்கள் நின்றுபோயின. ஆனால் கை நடுங்கியது, நடை சுருங்கியது, முகத்தில் சிரிப்பே இல்லை. "பைத்தியம் முற்றிவிட்டது" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். மனம் வெறுத்து மாத்திரையை நிறுத்தினார். குரல்கள் திரும்பி வந்துவிட்டன.

அந்த நடுக்கம் நோயால் வந்ததல்ல, மருந்தால் வந்தது. இது தெரியவந்த கதை நம் நாட்டில்தான் ஆரம்பிக்கிறது.

சர்ப்பகந்தி வேரை நம் வைத்தியர்கள் பித்துக்குக் கொடுத்து வந்தார்கள். 1931ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், அது மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் உதவுகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. அதே வருடம் பிரான்சில் குளோர்ப்ரோமசின் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டுமே நோயாளிகளை அமைதிப்படுத்தின. கூடவே பலருக்குப் பார்க்கின்சன் நோய் போலவே நடுக்கமும் இறுக்கமும் வந்தன.

காரணத்தைக் காட்டியவர் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன். 1957ல் அவர் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின! உடல் அசைவுக்கு மூளையில் டோபமின் தேவை. எல்-டோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், ரெசர்பின் கஜானாவையே காலி செய்கிறது. குளோர்ப்ரோமசின், பணம் இருந்தும் கவுண்டரை மூடிவிடுகிறது. கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எல்-டோபா பார்க்கின்சனுக்கு முக்கிய மருந்தானது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் இதில் உண்டு. அந்த எல்-டோபாவை 1937லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். கொல்லிமலையில் எங்கள் திருப்புலி நாட்டுப் பக்கம், மேலே பட்டால் அரித்துத் தள்ளுமே, அதே பூனைக்காலிதான்!

உடனே விதையைத் தேடி ஓடாதீர்கள். மனநோய் மருந்து சாப்பிடுகிறவருக்கு டோபமினை ஏற்றினால் பழைய குரல்களும் திரும்பலாம். டாக்டர்கள் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள், அல்லது ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாதிரி ஒரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு நடுக்கம் குறைந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்ட சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசையும். இது மருந்தை நிறுத்தினாலும் போகாமல் இருக்கலாம். ஆகவே ஆரம்பத்திலேயே கவனிப்பது முக்கியம். இதற்கென்று 2017ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வால்பெனசின், ரெசர்பின் கைவைத்த அதே இடத்தில்தான், ஆனால் அளவோடு, வேலை செய்கிறது. சர்ப்பகந்தி கற்றுக்கொடுத்த பாடம் வீண்போகவில்லை.

அந்த அண்ணன் மறுபடி டாக்டரிடம் போனார். இப்போது வேறு மாத்திரை. போன வாரம் டீக்கடையில் பார்த்தேன், டம்ளரைச் சிந்தாமல் பிடித்திருந்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடுங்கினால் "முற்றிவிட்டது" என்று சொல்லாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.