கோட்டிலிருந்து எண்ணுக்கு

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாரூக் ப்ளம்பெர்க் தேடிக்கொண்டிருந்தது கல்லீரல் நோயை அல்ல. ரத்தப் புரதங்கள் மனிதருக்கு மனிதர் எப்படி வேறுபடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அகர் கூழ் பரப்பிய தகட்டில் சிறு குழிகள் வெட்டுவார்கள். நடுக்குழியில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் சீரம். சுற்றுக்குழிகளில் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த சீரம். இரண்டும் கூழுக்குள் ஊறி வந்து சந்திக்கும் இடத்தில், ஒன்றுக்கொன்று வினைபுரிந்தால் ஒரு மெல்லிய கோடு விழும். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரம் அப்படிக் கோடு போட்டது. ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டு 1965-ல் வெளியிட்டார்கள். அது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பின்னரே புரிந்தது. 1976-ல் ப்ளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கோட்டால் பிழைத்த உயிர்கள் ஏராளம். தானம் தரும் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று முதன்முதலாகப் பார்த்துச் சொல்ல முடிந்தது. ஆனால் அதற்குத் தெரிந்த பதில் இரண்டே: உண்டு, இல்லை. தொற்றுள்ள கல்லீரல், முழு வைரஸைவிடப் பல ஆயிரம் மடங்கு வெற்று உறைகளை ரத்தத்தில் கொட்டுகிறது. உறை இருப்பதை வைத்து உள்ளே பெருகும் வைரஸைக் கணக்கிட முடியாது.

இந்தக் காலகட்டத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ப்ளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, 1988-ல் ‘லான்செட்’ இதழில் கீழாநெல்லி பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறை ஆன்டிஜென் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கும் நம் வீடுகளுக்கு இது வருத்தமான செய்திதான். தானாகவே வடிந்துவிடும் காமாலையும், ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் தங்கும் ஹெபடைடிஸ் பி-யும் வேறு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

வைரஸை எண்ணும் வழி பிசிஆர் என்ற ஆய்வக முறையின் மூலம் வந்தது. வைரஸின் டிஎன்ஏ-வை இரண்டு, நான்கு, எட்டு என்று சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவார்கள்; முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். பிரதிகள் பெருகப் பெருகக் குழாயில் ஒளி கூடும். தொடக்கத்தில் வைரஸ் அதிகமென்றால் சீக்கிரமே ஒளி தெரியும், குறைவென்றால் தாமதமாகும். எத்தனையாவது சுற்றில் தெரிந்தது என்பதை வைத்தே ‘வைரல் லோடு’ கணக்கிடப்படுகிறது.

ஆனால் கருவிக்குக் கருவி எண் மாறியது. 1999-ல் உலக சுகாதார நிறுவனம் பொதுவான அளவுகோலை நிறுவி, சர்வதேச அலகைக் கொண்டுவந்தது. ஓர் அலகு என்பது ஏறக்குறைய ஐந்து பிரதிகள். பழைய ரிப்போர்ட் பிரதிகளிலும் புதியது அலகிலும் இருந்தால், எதுவுமே மாறாமலே வைரஸ் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது போலத் தோன்றும். ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அலகைத்தான்.

அந்த எண்ணுக்குப் பொருள் தந்தது தைவான். சென் சியென்-ஜென் தலைமையிலான குழு, தொற்றுள்ள 3,653 பேரிடம் 1991-92-ல் ரத்தம் எடுத்து உறைய வைத்து, சராசரியாக 11 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தது. 164 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. சேமித்த ரத்தத்தைச் சோதித்தபோது, மில்லிலிட்டருக்கு 300 பிரதிகளுக்குக் கீழே இருந்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 10 லட்சத்தையும் அதற்கு மேலும் தொட்டவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் அந்த நோய் வந்திருந்தது. கல்லீரல் நொதி அளவு சரியாக இருந்தவர்களிடமும் இந்த ஏற்றம் தெரிந்ததுதான் மருத்துவர்களை உலுக்கியது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாமல் ஆனது 2006-ல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

இன்று அந்த எண் பிறக்கப்போகும் குழந்தைக்கும் உதவுகிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 2 லட்சம் அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தைக்குத் தொற்றாமலிருக்க 28-ஆவது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை தரலாம் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசியும் இதனுடன் உண்டு. வைரல் லோடு பார்க்க வசதியில்லாத ஊர்களில், ‘ஈ ஆன்டிஜென்’ இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையை வைத்தே மாத்திரையைத் தொடங்கலாம் என்றும் அந்தப் பரிந்துரையிலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.