முள், நரம்பு, ராகி உருண்டை

பக்கத்தில் கடையே இல்லாத ஆற்றங்கரைக்கு மீன் பிடிக்கப் போகிறவன் பெட்டியில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? 1873-இல் மங்களூரில் அச்சான ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகம் பக்கம் பக்கமாக இதைத்தான் பேசுகிறது. எழுதியவர் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். வரி வசூலிக்கிற உத்தியோகம்தான். ஆனால் தூண்டில் முள் என்று வந்துவிட்டால் மனுஷன் கொல்லன் மாதிரி யோசிக்கிறார்.

எல்லாம் மஹ்சீர் செய்த வேலை. நம்ம குளத்துக் கெண்டைக்கு இது பங்காளி முறை. ஆனால் காவிரிப் பக்கம் ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும். 1946-இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. (துரைகளும் மகாராஜாக்களும் சுட்ட புலிகளைப் பாடம் செய்துகொடுத்த குடும்பம் அவருடையது.) மஹ்சீருக்கு வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. கவ்வுகிற கவ்வில் முள் நசுங்கிவிடும். ஊரில் சால்மன் பிடித்த முள்ளையே நம்பி வந்தவர்களுக்கு வளைந்த கம்பிதான் மிச்சம்.

அடுத்தது நரம்பு. தங்கூசி எல்லாம் அப்போது ஏது? பட்டு நூல்தான். முள் பட்டதும் மஹ்சீர் ஓடுகிற முதல் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க ரீலில் நூறு கஜத்துக்கு மேல் வேண்டும். சாயங்காலமானால் அத்தனையையும் பிரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு விட்டால் இற்றுப்போகும். கோலின் கதைதான் வேடிக்கை. வங்காளத்து மூங்கில் ‘கல்கத்தா கேன்’ என்ற பெயரில் கப்பலேறிப் போய், அங்கே பிளந்து ஒட்டப்பட்டு, நல்ல விலைக்கு இங்கேயே திரும்பி வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஆட்டம் அடங்கிவிட்டது. 1970களின் கடைசியில் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் மஹ்சீரைத் தேடி வந்து, அது காவிரியில் இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். பிறகு மேகதாதுவுக்கு மேலே பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே என்று முகாம்கள் முளைத்தன. (மேகதாது என்றால் நமக்கு அணை வழக்கு மட்டும்தான் ஞாபகம் வரும்.) பெட்டியும் மாறியது: ஸ்வீடனின் ஆபு ரீல், தடித்த நைலான் நரம்பு. பிடித்ததை எடை போட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவது முகாமின் விதி. அப்படியானால் மெல்லிய நரம்பு ஆகாது. மீன் மணிக்கணக்கில் இழுபட்டுக் களைத்தால், விட்டாலும் பிழைக்காது.

ஆனால் எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் இல்லாத இரண்டு சாமான்கள் உள்ளூர்க்காரர்களிடம் இருந்தன. ஒன்று, கெட்டியாக வேகவைத்துப் பிசைந்து முள்ளைச் சுற்றிப் பிடித்த ராகி உருண்டை. இன்னொன்று பரிசல், பாறையில் நரம்பு சிக்கினால் எடுக்க வேறு வழி இல்லை. அந்த வழிகாட்டிகளில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். மீன் எங்கே படுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டத்துக்குப் பொருள் சொல்லப்பட, 2012-உடன் முகாம்களில் தூண்டில் நின்றது. காலிபோரேயில் 1998 முதல் எழுதிவந்த குறிப்பேடுகள் மிஞ்சின. அதில் 6161 மீன்கள். ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மீன் எண்ணிக்கை கூடித்தான் இருந்தது. ஆனால் கூடியது நீலத் துடுப்பு மஹ்சீர். லோனாவாலா பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டதன் விளைவு. காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் கிழடுகளாக மட்டும் சிக்கி, பிறகு அதுவும் அரிதாகிப்போனது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம் என்பதுதான் இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

இதில் இன்னொரு கூத்து. தாமஸ் காலத்திலிருந்து எந்த முள், எத்தனை கஜம் என்று இவ்வளவு எழுதியாயிற்று. அந்தக் கூன்முதுகு மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் 2018 வரை இல்லை. அமராவதியில் போய்ச் சேரும் பாம்பாற்று மீனை வைத்து 2007-இல் சூட்டிய ‘டோர் ரேமாதேவியை’ என்ற பெயர்தான் இதற்கும் என்று மோயாற்று மீன்களை ஒப்பிட்டுச் சொன்னார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினப் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே 2018-இல்தான்.