வேலையின் குறி: விசையும் இடப்பெயர்ச்சியும்

1. வரையறை

மாறாத விசை ஒன்று செய்யும் வேலை என்பது விசையின் அளவு, இடப்பெயர்ச்சியின் அளவு, இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். 1829இல் பிரெஞ்சு அறிஞர் கோரியோலிஸ் தம் இயந்திரவியல் நூலில் இக்கருத்துக்கு நிலையான வடிவம் தந்தார். முதல் இரண்டு அளவுகளும் எதிர்க்குறி பெறுவதில்லை. ஆகவே குறியைத் தீர்மானிப்பது கோணம்தான்: 90 பாகைக்குக் குறைந்தால் நேர்க்குறி, மிகுந்தால் எதிர்க்குறி, சரியாக 90 என்றால் சுழி.

2. கிணற்று வாளி

நீரோடு 10 கிலோ நிறையுள்ள வாளியை 6 மீட்டர் ஆழத்திலிருந்து சீரான வேகத்தில் இறைக்கிறோம். கயிற்றின் இழுவிசை 98 நியூட்டன், மேல்நோக்கி. வாளியும் மேலே வருவதால் கயிறு செய்யும் வேலை +588 ஜூல். புவியீர்ப்பு செய்வது −588 ஜூல்.

அதே நிறைவாளியை அதே சீர்வேகத்தில் கீழே இறக்கினால் கயிறு இப்போதும் மேல்நோக்கியே இழுக்கிறது, புவியீர்ப்பும் கீழ்நோக்கியே இருக்கிறது. எந்த விசையும் மாறவில்லை. ஆனால் கயிற்றின் வேலை −588, புவியீர்ப்பின் வேலை +588 என இரண்டின் குறியும் புரண்டுவிடுகின்றன. திரும்பியது இடப்பெயர்ச்சி மட்டுமே. ஒரு விசையைத் தனியே நிறுத்தி அதன் வேலைக்குக் குறி கேட்பது பொருளற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு சமதரையில் சீராக நடக்கையில் புவியீர்ப்பின் வேலை சுழி.

3. உராய்வு

உராய்வு எப்போதும் எதிர்க்குறி வேலையே செய்யும் என்று மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். இது பிழை. லாரித் தளத்தில், கயிறு கட்டாமல் 50 கிலோ மூட்டை ஒன்று இருக்கிறது. நேரான சமதளச் சாலையில் லாரி நிலையிலிருந்து புறப்பட்டு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது, மூட்டை வழுக்கவில்லை. அது பெற்ற இயக்க ஆற்றல் 2,500 ஜூல். காற்றின் தடையை விட்டுவிட்டால், கிடைமட்டத்தில் அதை முன்னே தள்ளியது தளத்தின் உராய்வு மட்டுமே. எனவே உராய்வின் வேலை +2,500 ஜூல். பிரேக் பிடித்து லாரி நிற்கும்போது அதே உராய்வு −2,500 ஜூல் வேலை செய்கிறது.

4. நோக்குமிடம்

லாரியில் அமர்ந்திருப்பவருக்கோ மூட்டை நகரவே இல்லை. அவர் கணக்கில் உராய்வின் வேலை சுழி. சாலையோரம் நிற்பவர் கணக்கும் சரி, இவர் கணக்கும் சரி. இடப்பெயர்ச்சி நோக்குமிடத்தைச் சார்ந்தது, ஆகவே வேலையும் அப்படியே. வகுப்பறைகளில் இது போதிய அளவு வலியுறுத்தப்படுவதில்லை என்பது என் கருத்து. எந்த விசை, எந்தப் பொருளின் மீது, எங்கிருந்து நோக்கி என்ற மூன்றையும் எழுதிய பிறகே மாணவர்கள் குறியிட வேண்டும். ஆசிரியர்கள் அதற்கெனத் தனி மதிப்பெண் தரலாம்.