சிறையில் கற்ற பாடம்

1864-ல் பிலிப்பைன்ஸின் விகான் நகரில் பிறந்த இசபெலோ டி லாஸ் ரேயெஸ் ஒரு எழுத்தாளர், பத்திரிகையாளர். தாய் லியோனா புளோரென்டினோ கவிஞர்.

1897-ல் ஸ்பானிய அரசு அவரைக் கைது செய்து, பார்சிலோனாவின் மொன்ஜூயிக் கோட்டையில் அடைத்தது. வாயை அடைக்க நினைத்தார்கள். நடந்ததோ வேறு! அங்கே அரசின்மைவாதிகளின் பழக்கம் கிடைத்தது. 1901-ல் சோஷலிச நூல்களோடு மணிலா திரும்பினார்.

1902-ல் அச்சுத் தொழிலாளர்களோடு சேர்ந்து, நாட்டின் முதல் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தொடங்கினார். வேலைநிறுத்தங்கள் பரவின. ஆட்சி அமெரிக்கர்களிடம் மாறியிருந்தது. ஆனால் அவரை உள்ளே தள்ளியது பழைய ஸ்பானியச் சட்டம்தான். குற்றம்? கூலியை உயர்த்தச் சதி செய்தாராம்! சரக்குக்கு விலை சொன்னால் வியாபாரம், உழைப்புக்கு விலை சொன்னால் சதி!

ஆனாலும் சங்கம் ஓயவில்லை. 1903 மே தினத்தன்று மணிலாத் தெருக்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள்.