வேம்பும் ஐரோப்பியத் தீர்ப்பும்



என் தந்தையார் ஏட்டுக்கல்வி மிகுதியும் பெறாத உழவர். வெண்டை இலைகளில் வெண்பொடி தூவினாற்போலச் சாம்பல் நோய் தோன்றினால், சவர்க்காரம் கரைத்த நீரில் வேப்பெண்ணெயைக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் தெளிப்பார். ஆசிரியப் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்த நான், "இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அப்பா?" என்று கேட்டேன். "உன் தாத்தா செய்ததுதான், தம்பி" என்றார். அவ்விடை அன்று எனக்குப் போதவில்லை.

பிற்காலத்தில் ஏறத்தாழ அதே வினா ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் எழுந்தது. வேப்ப விதையிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெயை, நீரோடு கலக்கச் செய்யும் பொருள் சேர்த்துத் தெளித்துப் பயிர்ப் பூசணத்தை அடக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் அங்கே காப்புரிமை பெற்றன. எண்ணெய் இலைமீது மென்படலமாகப் படிந்து, பூசண வித்துகள் முளைப்பதைத் தடுக்கிறது. இதுவே அம்முறையின் அடிப்படை.

1995-இல் வந்தனா சிவா அம்மையாரும், ஐரோப்பியப் பாராளுமன்றப் பசுமைக் குழுவினரும், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பும் இதனை எதிர்த்து வழக்காடினர். ஐரோப்பியச் சட்டப்படி, ஒரு முறை நூலில் அச்சேறியிருக்க வேண்டுவதில்லை. உலகில் எங்கேனும் மக்கள் அறியக் கையாளப்பட்டிருந்தாலே அது புதியது ஆகாது. ஆயினும் எங்கே, எப்பொழுது, எவ்வாறு கையாளப்பட்டது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். "தொன்றுதொட்டுச் செய்து வருகிறோம்" என்னும் சொல் மட்டும் போதாது.

2000-ஆம் ஆண்டு விசாரணையில், இந்தியத் தொழிலதிபர் ஒருவர் 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மகாராட்டிர வயல்களில் தாம் செய்த சோதனைகளைப் பற்றிச் சாட்சி கூறினார். அச்சான்று வழக்கிற்குப் பெருந்துணையாயிற்று. அவ்வாண்டு மே மாதம் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சு 8-ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. ஊரறிந்த உண்மையை நிலைநாட்டப் பத்தாண்டுகள் சென்றன.

இதனை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியோடு நாணமும் உண்டாகிறது. எத்தனை படி நீருக்கு எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் இடைவெளி என்பவற்றை என் தந்தையார் நன்கறிவார். அவற்றை நான் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் மறைந்தார், அக்கணக்கும் உடன் மறைந்தது. புத்தகத்தில் இல்லையே என்று குறை கூறிய நான், எழுதக் கற்றவன் அல்லவா? எழுத வேண்டிய கடமை என்னுடையதாக இருந்தது.

நேயர்களே, உங்கள் இல்லத்து முதியோர் இன்னும் பேசக்கூடிய நிலையில் இருப்பின், இன்று மாலையே ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமருங்கள். நாள், இடம், அளவு மூன்றையும் தவறாமல் எழுதுங்கள்.