திரஹேர்ன் நூல்கள் வெளிப்பட்ட வரலாறு

நூல் அழியாதிருத்தல் வேறு. அதனை இயற்றினார் பெயர் அதனொடு நிலைத்திருத்தல் வேறு. பெயரிழந்த நூலுக்கு உரியவரைத் துணியுங்கால், பொருளொப்புமை ஒன்றே கொண்டு முடிவுசெய்தல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு, ஆங்கில நாட்டுத் தாமஸ் திரஹேர்ன் என்பாருடைய நூல்கள் தொகுக்கப்பெற்ற வரலாறு தக்க சான்றாகும்.

இவர் ஹெரிபோர்டு நகரத்துச் செருப்புத் தொழிலாளர் ஒருவரின் மைந்தர். ஆக்ஸ்போர்டிற் கல்வி பயின்று, கிரெடன்ஹில் என்னும் சிற்றூரில் பாதிரியாராயிருந்தவர். பின்னர் அரச முத்திரைக் காவலராயிருந்த ஸர் ஆர்லண்டோ பிரிட்ஜ்மன் என்பாரது இல்லத்துக் குருவாய் அமர்ந்து, 1674-ல் இறந்தார். குழந்தைப் பருவத்துத் தூய காட்சியை மீளப்பெற்று, உலகனைத்தையும் இறைவன் கொடையெனக் கண்டு மகிழ்தலே பேரின்பம் என்பது இவர் கொள்கை. வாழ்நாளில் அச்சேறியது 1673-ல் வந்த நூல் ஒன்றே. ஒழுக்கநூலொன்று 1675-ல் வெளிவந்தது. 1699-ல் வந்த துதிநூலோ ஆசிரியர் பெயரின்றியே அச்சாயிற்று. பின்னர் இவர் பெயர் மறைந்தது.

1896–97 குளிர்காலத்தில், புரூக் என்பார் லண்டன் வீதிப் பழம்புத்தகக் கடைகளில் இரு கையெழுத்துப் படிகளைச் சில பென்னிகளுக்கு வாங்கினார். அவற்றில் ஆசிரியர் பெயரில்லை. அவற்றை ஆராய்ந்த குரோஸார்ட் என்னும் பதிப்பாசிரியர், ஹென்றி வாகன் என்னும் புலவர் இயற்றியனவே அவை எனத் துணிந்து, அவர் பெயரால் வெளியிடவும் கருதினார். அது நிறைவேறுமுன் 1899-ல் அவர் காலமாயினமையின், ஒருவர் செல்வம் மற்றொருவர் பெயரில் நிலைபெறாதொழிந்தது.

அதன்பின் அப்படிகள் புத்தக வணிகராகிய பெர்ட்ரம் டோபெல் கைக்கு வந்தன. வாகன் பாடல்களோடு அவற்றை ஒப்புநோக்கிய அவர், இரண்டும் ஒருவர் வாக்காதல் இயலாதென உணர்ந்தார். 1699-ஆம் ஆண்டுத் துதிநூலில் இவற்றை ஒத்த செய்யுளொன்று உண்மையைப் புரூக் சுட்டினார். அந்நூலின் முகவுரை, ஆசிரியர் பிரிட்ஜ்மன் இல்லத்துக் குருவாயிருந்தார் என்று மட்டும் கூறிற்று. அவ்வாறிருந்தவர் திரஹேர்ன் என்பதை ஆக்ஸ்போர்டுப் புலவர் வரலாறு காட்டிற்று. எனினும் டோபெல் அவ்வளவில் அமையாது, திரஹேர்ன் பெயர் தாங்கிய 1675-ஆம் ஆண்டு நூலையும் தேடிப் படித்தார். கையெழுத்துப் படியிலுள்ள செய்யுளொன்று சிறு பாடவேறுபாட்டுடன் அதன்கண் இருத்தல் கண்டு ஐயம் நீங்கினார். பாடல்கள் 1903-லும், உரைநடைத் தியானங்கள் 1908-லும் அச்சேறின.

தேடல் அத்துடன் முடியவில்லை. தமையனார் பாடல்களைத் தம்பி பிலிப் படியெடுத்துத் திருத்திய தொகுதி பிரிட்டிஷ் மியூசியத்திற் கிடந்து, 1910-ல் வெளிவந்தது. 1967-ஐ ஒட்டி, லங்காஷையரில் எரிந்துகொண்டிருந்த குப்பைமேட்டிலிருந்து மீட்கப்பெற்ற பெருநூலொன்று, 1980-களின் தொடக்கத்தில் டொரண்டோவில் இவரதெனத் தெளியப்பட்டது. 1997-ல் லாம்பெத் அரண்மனை நூல்நிலையத்தும் இவருடைய நூல்கள் சில அடங்கிய கையெழுத்துப் படியொன்று அறியப்பட்டது.

கடைவீதியில் ஏடு கிடைத்தது தற்செயல். ஆசிரியர் பெயர் கிடைத்தது தற்செயலன்று. குரோஸார்ட் கண்டது ஒப்புமையை. டோபெல் கண்டது வேற்றுமையையும். நடையாகிய அகச்சான்றினால் ஐயுற்று, முகவுரையும் வரலாறுமாகிய புறச்சான்றினால் பெயரறிந்து, மீண்டும் நூலினகத்தே அதனை உறுதிசெய்த முறையே திரஹேர்னை உலகிற்கு அளித்தது. ஏட்டைக் காத்தல் பாதித் தொண்டே. அதனை உரியவரிடம் சேர்த்தலே மற்றைப் பாதியாம்.