இந்தியக் குழந்தைப்பருவக் கல்லீரல் இழைநார் வளர்ச்சி

இந்தியக் குழந்தைப்பருவக் கல்லீரல் இழைநார் வளர்ச்சி என்பது கல்லீரலில் செப்பு மிகையாகத் தேங்குவதோடு தொடர்புடைய, சிறு குழந்தைகளைத் தாக்கும் ஒரு நோய் ஆகும். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்தியாவில் பரவலாகக் காணப்பட்ட இந்நோய், சிகிச்சையின்றிப் பெரும்பாலும் உயிரைப் பறித்தது. தற்போது இது மிக அரிது. முற்றிய கல்லீரல் வடுவும் மீளக்கூடும் என்பதற்கு இந்நோய் ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

காரணம்

ஈயம் பூசப்படாத பித்தளை, செப்புப் பாத்திரங்களில் பாலைக் காய்ச்சி வைக்கும்போது செப்பு பாலில் கலக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றாக அப்பாலைப் பருகிய கைக்குழந்தைகளின் கல்லீரலில் அது தேங்கியது. புனேயில் ஆனந்த் பண்டிட், சீலா பாவே, இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டேனர் ஆகியோர் அடங்கிய குழு 1983 இல் இத்தொடர்பை எடுத்துரைத்தது. ஆஸ்திரியாவின் டைரோல் பகுதியிலும் இதையொத்த நோய் இருந்தது; அங்கு மரபுக்கூறும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

உயிரணுக்களின் இடைவினை

கல்லீரல் வடு ஒரே வகை உயிரணுவால் உருவாவதில்லை. அதன் பொதுவான படிநிலைகள் பின்வருமாறு:

1. நஞ்சு, தீநுண்மி, மது போன்றவற்றால் கல்லீரல் உயிரணுக்கள் சிதைந்து வேதிக் குறிகைகளை வெளியிடுகின்றன.
2. அவற்றை உணரும் குப்ஃபர் உயிரணுக்கள் (கல்லீரலின் விழுங்கணுக்கள்) அழற்சியைத் தூண்டி, வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன.
3. இயல்பு நிலையில் உயிர்ச்சத்து ஏ-யைச் சேமித்து வைக்கும் விண்மீன் உயிரணுக்கள் அச்சேமிப்பை இழந்து, கொலாஜன் நாரை உருவாக்கும் உயிரணுக்களாக மாறுகின்றன.
4. குருதி நுண்குழாய்ச் சுவரின் நுண்துளைகள் மறைகின்றன. குருதிக்கும் கல்லீரல் உயிரணுக்களுக்கும் இடையிலான பொருள் பரிமாற்றம் குறைகிறது. வாயிற்சிரையில் அழுத்தம் உயர்கிறது.

மீட்சி

காரணம் நீங்கினால் இப்போக்கு திரும்பக்கூடும். விழுங்கணுக்களில் ஒரு பகுதி நாரைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. விண்மீன் உயிரணுக்களில் சில மடிகின்றன. சில செயலற்ற நிலைக்குத் திரும்புகின்றன என 2012 இல் எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. எஞ்சிய கல்லீரல் உயிரணுக்கள் பெருகி இழப்பை ஈடுசெய்கின்றன.

புனேயில் செப்பை அகற்றும் பெனிசிலமைன் மருந்து பெற்று, நெடுங்காலம் உயிர்வாழ்ந்த குழந்தைகள் சிலரின் கல்லீரல் திசு ஏறத்தாழ இயல்பு நிலையை அடைந்தது 1996 இல் பதிவாயிற்று. எனினும் நோய் முற்றிய பின் மருந்தைத் தொடங்கியவர்களில் பலர் பிழைக்கவில்லை.

தடுப்பு

எவர்சில்வர் பாத்திரங்கள் பரவியதும், பித்தளையில் பால் காய்ச்சும் வழக்கம் குறைந்ததும் இந்நோய் அரிதானதற்கு முதன்மைக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.